நெற்றி துடைக்கும் பாலம்

பிப்ரவரி 22, புதன்

மீன் வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் புன்னைத்துறைக்குப் போனேன். ஆர்.சி. கோயிலில் காலைப் பூசை. அவர்களுக்கு இன்று திருநீற்றுப் புதன். ஃபாதர் லெயோ வரிசையாக எல்லார் நெற்றியிலும் சாம்பலால் சிலுவை வரைந்தார். எனக்கும் வரைந்தார். மனம் இளகிப்போய்விட்டது. ஆனால் அது ஸ்கூட்டியில் ஏறும்வரைதான். கிருபாபுரம் நெருங்க நெருங்க நெற்றி அரிக்கத் தொடங்கியது. ஊருக்கு முன்னால் இருக்கிற ஓடைப் பாலத்தில் வண்டியை நிறுத்தி, முந்தானையைப் பாட்டில் தண்ணீரில் நனைத்து அழுந்தத் துடைத்தேன். எதிரே ஒரு லோடு ஆட்டோ போனது. குனிந்துகொண்டேன்.

கோயிலில் வாங்கியதை ஊர் எல்லையில் அழித்துவிட்டு வந்தவள் நான். தவக்காலத்தின் முதல் நாளே இப்படி.

மத்தியானம் அத்தான் பெயிண்ட் கடையிலிருந்து சாப்பிட வந்தார். என் முகத்தையே பார்த்தார்.

"புருவத்துக்கு மேல என்ன கரி?"

"அடுப்புக் கரியா இருக்கும்."

"நம்ம வீட்ல கேஸ் அடுப்புல்லா."

"அப்போ ஸ்கூட்டி கிரீஸா இருக்கும்."

"இருக்கும்," என்றார். மீன் குழம்பை இரண்டாம் தடவையும் ஊற்றிக்கொண்டார். ஒன்றும் தெரியாத மனுஷன், பாவம்.

பிப்ரவரி 25, சனி

மறுபடியும் மீன். மறுபடியும் ஃபாதரிடம் பாடம், அவர்கள் சபையில் சேர.

யாரிடமும் சொல்ல முடியாததால் இங்கே எழுதுகிறேன். நான் மூன்று தலைமுறைப் புராட்டஸ்டண்டு. எப்சிபா என்கிற பெயரைக் கேட்டாலே தெரியும். எங்கள் சபையில் மகளிர் சங்கச் செயலாளர். அத்தான் சபைக் கமிட்டியில் இருக்கிறார். எனக்கு எதற்கு இந்த வேலை?

அம்மாதான் காரணம். அம்மாவுக்காகத் தினமும் சாயங்காலம் ஜெபம் பண்ணுவேன். அம்மாவை அடக்கம் பண்ணிய அன்று பாஸ்டர் என்னைத் தேற்றுவதாக நினைத்து, "இனி அவங்களுக்காக ஜெபிக்க வேண்டியதில்லம்மா, அவங்க ஆண்டவர்கிட்ட போயிட்டாங்க" என்றார். அது எங்கள் முறை. அவர் நல்லவிதமாகத்தான் சொன்னார். ஆனால் அன்று சாயங்காலம் முழங்கால்போட்டபோது அம்மாவின் பெயர் வரும் இடத்தில் நின்றுபோனேன். அதற்கப்புறம் எனக்கு ஜெபமே வரவில்லை.

போன நவம்பரில் உண்மையாகவே மீன் வாங்கத்தான் புன்னைத்துறைக்குப் போனேன். கோயிலில் இறந்தவர்களின் பெயர்களைச் சொல்லி மன்றாடிக்கொண்டிருந்தார்கள். நான் வாசலில் நின்று அம்மாவின் பெயரையும் சொன்னேன். தெபோராள். அம்மாவை ஒருநாளும் பார்த்திராத கடற்கரைப் பெண்கள் அவளுக்காக ஜெபித்தார்கள். நான் அழுது முடிப்பதற்குள் பையில் இருந்த மீன் கெட்டுவிட்டது.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். பூசையில் என் பக்கத்தில் சிலுவையம்மாள் என்கிற அக்கா உட்காருவாள், மீன் விற்கிறவள். முதலில் நான் தள்ளித்தான் உட்கார்ந்தேன், வாடை சேலையில் ஒட்டும் என்று. பிறகு அந்த வாடையும் மீன் வாங்கியதற்குச் சாட்சியாக உதவியது. நான் இவ்வளவு கெட்டிக்காரி என்று எனக்கே தெரியாது.

முதல் பூசையிலேயே ஒரு கூத்து நடந்தது. இயேசு கற்பித்த ஜெபத்தை எல்லாரும் சொன்னோம். தீமையிலிருந்து காக்கும்படி கேட்கிற இடத்தில் அவர்கள் நிறுத்திவிட்டார்கள். எங்கள் சபையில் அதோடு நிற்காது. நான் பழக்கத்தில், "ராஜ்யமும் வல்லமையும் மகிமையும்" என்று கணீரென்று தனியாகப் போய்க்கொண்டிருந்தேன். கோயிலே திரும்பிப் பார்த்தது. சிலுவையம்மாள் என் கையைத் தட்டி, "பொறு தங்கச்சி, அதுவும் வரும். சாமி நடுவுல ஒரு செபம் சொல்லுவாரு, பொறவு எல்லாரும் சேந்து சொல்லுவோம்" என்றாள்.

இன்று ஃபாதர் நாள் குறித்தார். நான் ஞானஸ்நானம் பெற்றவள்தான் என்பதால் அது மறுபடி கிடையாது. பாவங்களை அவரிடம் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்து, விசுவாச அறிக்கை சொல்லி, நெற்றியில் தைலம் வாங்கி, நற்கருணை அப்பம் வாங்க வேண்டும். ஈஸ்டர் ஞாயிறே சேர்த்துக்கொள்கிறேன் என்றார். கூட்டத்தில் எனக்குத் தலைவலி வரும், ஈஸ்டருக்கு அடுத்த புதன் காலைப் பூசையில் வைத்துக்கொள்வோம் என்றேன். புதன்கிழமைக்குப் பத்துப் பதினைந்து பேர்தான் வருவார்கள். எனக்குத் தலைவலியே வருவதில்லை.

மார்ச் 1, புதன்

மீன் வாங்க மறந்துவிட்டேன். கடலுக்கு யாருமே போகவில்லையாம் என்று சொல்லிவிட்டுக் கத்தரிக்காய் வைத்தேன்.

மார்ச் 5, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் பாஸ்டரம்மா என்னைப் பிடித்துக்கொண்டார். பெரிய வெள்ளியன்று மூன்று மணி நேரம் நடக்கும் மும்மணி ஆராதனையில், இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளைப் பற்றி ஏழு பேர் பேசுவோம். மூன்றாம் வார்த்தை எப்போதும் மகளிர் சங்கத்துக்கு. இயேசு தம் தாயை யோவானிடம் ஒப்படைத்த வார்த்தை. "இந்த வருஷம் நீங்கதான் எப்சிபாம்மா" என்றார். மரியாளைப் பற்றிப் பேச வேறு ஆள் கிடைக்கவில்லை பாருங்கள். சரி என்றேன். சரி என்று சொல்வதில் எனக்கு நல்ல பழக்கம்.

அத்தான் ஸ்கூட்டிக்குப் பெட்ரோல் நிறைய அடித்து வைத்திருக்கிறார். நான் கேட்கவில்லை.

மார்ச் 10, வெள்ளி

குடும்ப ஜெபம். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். கடைசியில் கர்த்தருடைய ஜெபத்தைச் சேர்ந்து சொல்லும்போது நான் தீமையோடு நிறுத்திவிட்டேன். நாக்கு அங்கே பழகிவிட்டது. ராஜ்யமும் வல்லமையும் மகிமையும் என்பதை அத்தான் தனியாகச் சொல்லி முடித்தார். அவர் குரல் அவ்வளவு தனியாக இருந்து நான் கேட்டதில்லை. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாரா என்று தெரியாது. நான் திறக்கவில்லை.

"தொண்ட கட்டியிருக்கு" என்றேன்.

"மிளகு தட்டிப்போட்டுக் குடி" என்றார்.

மார்ச் 12, ஞாயிறு

இன்று நடந்ததை எழுதாமல் விட்டுவிடலாமா என்று பார்த்தேன்.

மகளிர் சங்கக் கூட்டம் முடிந்து டீ குடித்துக்கொண்டிருந்தோம். பைபிள்களை எல்லாம் மேசையில் அடுக்கியிருந்தோம். எல்லாமே கறுப்பு உறை, ஜிப் வைத்தது. என் உறையில் ஜிப் கொஞ்ச நாளாகவே சரியாக மூடுவதில்லை. சிலுவையம்மாள் தந்த செபமாலையை அதற்குள்தான் வைத்திருந்தேன். நீல மணி. எங்கள் சபையில் யாரும் அப்படி ஒன்றைத் தொடமாட்டார்கள்.

பாஸ்டரம்மா புஷ்பத்தின் பைபிளை எடுத்துக் கொடுக்கத் தூக்கினார். என் உறையிலிருந்து நழுவிய மாலை அதன் அடியில் சிக்கித் தொங்கியது.

புஷ்பம் ஆர்.சி. வீட்டில் பிறந்தவள். எங்கள் சபைப் பையனைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தாள். ஹைஸ்கூல் டீச்சர், பாடகர் குழுவில் நல்ல குரல். அவள் மகளே கல்லூரிக்குப் போகிறாள். ஆனாலும் அவள் பெயரைச் சொல்லும்போது பெண்கள் "அந்த ஆர்.சி. புஷ்பம்" என்பார்கள். நானும் சொல்லியிருக்கிறேன்.

"என்ன புஷ்பம் இது?" என்றார் பாஸ்டரம்மா.

"எனக்குத் தெரியாது. என்னோடது இல்ல."

"பின்ன இங்க வேற யாரோடது?"

புஷ்பம் அந்த மாலையை வாங்கக் கையை நீட்டினாள், பிறகு மடக்கிக்கொண்டாள். அவள் முகம் சிவந்ததை எல்லாரும் பார்த்தார்கள். அது போதுமானதாக இருந்தது.

என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன்.

மார்ச் 15, புதன்

பூசைக்குப் போனேன். செபமாலை எங்கே என்று சிலுவையம்மாள் கேட்டாள். தொலைந்துவிட்டது என்றேன். தன் கையில் இருந்ததைக் கழற்றிக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டேன்.

மார்ச் 19, ஞாயிறு

கமிட்டியில் பேசினார்களாம். பாஸ்டரை வந்து பார்த்து மனசைத் திறந்து சொல்கிறவரைக்கும் திருவிருந்துக்கு வர வேண்டாம் என்று புஷ்பத்துக்குச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவள் போய்ப் பார்க்கவில்லை. செய்யாததற்கு என்ன சொல்வது என்று கேட்டாளாம்.

இன்று திருவிருந்து. அவள் புருஷனும் மகளும் எழுந்து முன்னே போனார்கள். புஷ்பம் பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். பாட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்திருந்தாள், பக்கத்தைத் திருப்பவே இல்லை.

நாள் வரும்வரை அங்கேயும் இங்கேயும் அப்பத்துக்குக் கை நீட்டாதீர்கள், காத்திருங்கள் என்று ஃபாதர் எனக்குச் சொல்லியிருக்கிறார். நான் உட்கார்ந்தால் ஊர் பார்க்கும். அதனால் போய் முழங்கால்போட்டேன். அவள் பெஞ்சைத் தாண்டித்தான் போக வேண்டும், அவளைத் தாண்டித்தான் வர வேண்டும். அப்பத்தையும் வாங்கிக்கொண்டேன்.

வீட்டில் அத்தானிடம், "கமிட்டில நீங்க என்ன சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் சொல்லல," என்றார். பிறகு, "சொல்ல என்ன இருக்கு?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். துவைத்த துணியை எடுக்க மாடிக்குப் போய்விட்டேன்.

மார்ச் 25, சனி

பாவசங்கீர்த்தனத்துக்குத் தயார் செய்கிறேன். மனசாட்சியை ஆராய்ந்து பார்க்கச் சொன்னார் ஃபாதர். கோபம், பெருமை, மாமியாரை எதிர்த்துப் பேசியது, நாத்தனார் நகையைப் பார்த்துப் பொறாமைப்பட்டது. ஒவ்வொன்றையும் நினைத்து உண்மையாகவே வருத்தப்பட்டேன். புஷ்பம் விஷயத்தை எதில் சேர்ப்பது என்று யோசித்தேன். "சில பொய்கள் சொன்னேன்" என்றால் அதற்குள் அடங்கிவிடும்.

ஏப்ரல் 1, சனி

அடங்கவில்லை.

சிறிய சன்னல் வைத்த மரப்பெட்டி. இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் ஃபாதர் லெயோ. இதை நான் எவ்வளவோ நாளாக ஆசைப்பட்டேன். இருட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டு, இறக்கி வைத்துவிட்டு, கையை வீசிக்கொண்டு வரலாம் என்று.

கடகடவென்று சொல்லி, "சில பொய்கள் சொன்னேன்" என்று முடித்தேன்.

"என்ன பொய்யிம்மா?"

"மீன் வாங்கப் போறேன்னு."

"வேற?"

நான் சன்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் காத்திருந்தார். அவர் அவசரப்படுத்தியிருந்தால் எதையாவது சொல்லித் தப்பித்திருப்பேன். அழுகை வந்தது, எல்லாமே வந்தது. நீல மணி, புஷ்பத்தின் முகம், அவள் பெஞ்சைத் தாண்டிப் போனது.

"அந்த அம்மா பேரு இப்ப ரோட்ல கிடக்கு," என்றார். "எடுத்துக் குடுக்க வேண்டியது நீங்கதான். மன்னிப்பு ஆண்டவர் குடுப்பாரு. இத நீங்க குடுக்கணும்."

"அவகிட்ட தனியாப் போய்ச் சொல்லிருதேன் ஃபாதர்."

"பேரு போனது தனியாவா போச்சு?"

"எல்லாருக்கும் தெரிஞ்சா எங்க வீட்டுக்காரரு தலை குனிஞ்சுருவாரு. கமிட்டில இருக்காரு."

"தெரியும்மா. கஷ்டந்தான்," என்றார். அவ்வளவுதான் சொன்னார். திட்டியிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும்.

திரும்பி வரும்போது பழக்கத்தில் பாலத்தில் வண்டியை நிறுத்தினேன். இன்று நெற்றியில் துடைக்க ஒன்றுமில்லை. கொஞ்ச நேரம் சும்மா நின்றேன்.

ஏப்ரல் 2, ஞாயிறு

குருத்தோலை ஞாயிறு. ஓசன்னா பாடிக்கொண்டு தெருவைச் சுற்றி வந்தோம். புஷ்பத்தின் மகள் ஓலையை உயர்த்தவே இல்லை.

ஏப்ரல் 4, செவ்வாய்

தைரியத்தை வரவழைத்துக்கொண்டு புஷ்பம் வீட்டுக்குப் போனேன். டீ போட்டுத் தந்தாள். வெயிலைப் பற்றிப் பேசினேன். பரீட்சை எப்போது முடியும் என்று கேட்டேன். முருங்கைக்காய் நிறையக் காய்த்திருக்கிறது, கொடுத்தனுப்புகிறேன் என்றேன். கேட்வரைக்கும் வந்தாள்.

"எதையோ சொல்ல வந்தீங்களேக்கா?"

"ஒண்ணுமில்ல புஷ்பம், சும்மாதான்."

என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கிறது. முருங்கைக்காயாம்.

ஏப்ரல் 7, பெரிய வெள்ளி

காலையிலிருந்து சாப்பிடவில்லை. எழுத்து கோணலாக வந்தால் வரட்டும்.

மத்தியானம் மும்மணி ஆராதனை. சபை நிறைந்திருந்தது. வெள்ளைச் சேலைகள், மின்விசிறிச் சத்தம். இரண்டாம் வார்த்தை முடிந்து கீர்த்தனை பாடினார்கள். அத்தான் ஆண்கள் பக்கம் முன்வரிசையில் இருந்தார். புஷ்பம் பாடகர் குழுவில் இல்லை, கடைசி வரிசைக்குப் போயிருந்தாள்.

நான் நன்றாகத்தான் எழுதி வைத்திருந்தேன். சிலுவையடியில் நின்றவர்கள் பெண்கள், ஓடிப்போனவர்கள் ஆண்பிள்ளைகள் என்று ஓர் இடம் வரும், பெண்கள் ரசிப்பார்கள். மேடையில் ஏறி மைக்கைப் பிடித்ததும் அந்த இடத்தைப் படிக்க முடியவில்லை. ஓடிப்போனவள் நான் அல்லவா.

எங்கள் சபையில் சாட்சி சொல்கிற வழக்கம் உண்டு. வியாதி தீர்ந்தவர்கள், வேலை கிடைத்தவர்கள் எழுந்து நின்று, ஆண்டவர் தங்களுக்குச் செய்ததைச் சொல்வார்கள். சின்ன வயதிலிருந்தே எத்தனையோ கேட்டிருக்கிறேன், சொன்னதில்லை. சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை என்று நினைத்திருந்தேன். ஃபாதர் பெட்டிக்குள் கேட்டதைச் செய்ய எங்கள் சபையிலேயே ஒரு வழி இருந்தது.

"தாயை ஆண்டவர் இன்னொருவர் பொறுப்பில் விட்டார்," என்று தொடங்கினேன். "இந்தச் சபை ஒரு சகோதரியை மகளிர் சங்கத்தின் பொறுப்பில் விட்டது. நான் அதன் செயலாளர். சங்கக் கூட்டத்தில் கிடைத்த செபமாலை என்னுடையது. புஷ்பம் கையில் அது இருந்ததே இல்லை. அன்றைக்கு நான் அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன், வாயைத் திறக்கவில்லை. அடுத்த வாரம் நான் புன்னைத்துறைக் கோயிலில் சேரப்போகிறேன். அதற்காக என்னை என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன். புஷ்பத்தைச் சொன்னது தப்பு. நான் சொல்லவைத்தேன்."

மின்விசிறிகள் மட்டும் ஓடின. யாரோ ஒரு பிள்ளையின் வாயைப் பொத்தினார்கள். பாஸ்டர் எழுந்து அடுத்த கீர்த்தனையின் எண்ணைச் சொன்னார், அவர் குரல் கம்மியிருந்தது. நான் இறங்கி வந்தபோது என் பெஞ்சில் இருந்தவர்கள் நகர்ந்து இடம் விட்டார்கள். அளவுக்கு அதிகமாகவே விட்டார்கள்.

முடிந்ததும் வெளியே கஞ்சி ஊற்றினார்கள். எனக்கு யாரும் தம்ளர் நீட்டவில்லை. அத்தான் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு வந்து, "ஏறு" என்றார்.

வீட்டுக்கு வந்துதான் பேசினார்.

"சாம்பல் புதனன்னிக்கு பாலத்துல நின்னு முகத்தத் துடச்சல்லா. எதுக்க வந்த லோடு ஆட்டோல நான்தான் இருந்தேன், தூத்துக்குடியிலருந்து சரக்கு ஏத்திக்கிட்டு."

என்னால் நிமிர முடியவில்லை.

"நீயா சொல்லுவன்னு பாத்தேன். மீனு மீனாத் தின்னேன். எங்கிட்ட சொல்லிருக்கலாம்லா எப்சி? ஊரோட ஊரா உக்காந்துதான் நான் கேக்கணுமா?"

"பயம்."

"நான் என்ன அடிக்கிற ஆளா?"

"இல்ல. உங்களுக்கு வெக்கமாப் போகும்னு."

"வெக்கமாத்தான் இருக்கு," என்றார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார், அது விழுந்தது, மறுபடி மாட்டினார். "கமிட்டில புஷ்பத்தப் பத்திப் பேசுனப்ப அது யாரு மாலைன்னு எனக்குத் தெரியும். நானும் வாயத் தொறக்கல. உன்னக் காப்பாத்துதேன்னு நெனச்சேன்."

பிறகு, "ஆனா அந்தக் கோயிலுக்கு நான் வரமாட்டேன். அத மட்டும் எதிர்பாக்காத" என்றார்.

ஏப்ரல் 8, சனி

புஷ்பம் வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அன்னிக்கே எனக்குத் தெரியும்க்கா. எல்லாரும் என்னப் பாத்தாங்க, நீங்க மட்டும் உங்க பைபிள் ஜிப்பப் பாத்தீங்க. டீ குடிக்க வந்தப்ப சொல்லுவீங்கன்னு நெனச்சேன். முருங்கைக்காயப் பத்திப் பேசிட்டுப் போயிட்டீங்க."

மன்னிச்சிரு என்றேன். இவ்வளவு சின்ன வார்த்தையாகப் போய்விட்டது.

"பொய்யாச் சந்தேகப்பட்டதுகூட பழகிப்போச்சு. கல்யாணத்துக்கு மொத நாளு எங்கம்மா குடுத்த செபமாலையத் திருப்பிக் குடுத்துட்டுத்தான் இந்த ஊருக்கு வந்தேன். எல்லாத்தையும் விட்டாச்சுன்னுதான் நெனச்சிருந்தேன். உங்க மணியப் பாத்ததும் கை தானா நீண்டுது. அதுக்குத்தான் மூஞ்சி சிவந்துச்சு. ஒளிச்சு வச்சது மாட்டிக்கிட்டதாலன்னு அவங்க நெனச்சிக்கிட்டாங்க."

நான் ஆசைப்பட்டுப் போகிற இடத்திலிருந்து அவள் விரும்பாமல் வந்திருக்கிறாள். இத்தனை வருஷத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை நான் அவளிடம் கேட்டதில்லை.

போகும்போது, "உங்கமேல கோவம் போகல. போகும்னு நெனைக்கேன்" என்றாள். முருங்கைக்காயை எடுத்துக்கொண்டு போனாள்.

ஏப்ரல் 9, ஈஸ்டர் ஞாயிறு

பாஸ்டரம்மா புஷ்பத்தின் கையைப் பிடித்து முன்னே கூட்டிக்கொண்டு போனார். திருவிருந்துக்கு எல்லாரும் எழுந்தார்கள். இந்த முறை நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ஊர் பார்த்தது.

ஏப்ரல் 12, புதன்

காலையில் அத்தான் எழுவதற்கு முன்பே கிளம்பிவிட நினைத்தேன். அவர் ஏற்கனவே கடைக்குப் போய்விட்டிருந்தார். போனில் கேட்டால், சரக்கு வருகிறதாம். ஸ்கூட்டி வேண்டும் என்று எடுத்துக்கொண்டு போயிருந்தார். பஸ்ஸில் போனேன். இன்றைக்குக்கூட வண்டியை விடவில்லையே என்று வழியெல்லாம் மனசு கசந்தது.

சிலுவையம்மாள்தான் எனக்கு ஞானத்தாய். தலைக்குக் குளித்து, பட்டுச்சேலை கட்டி வந்திருந்தாள். பூசையில் பத்துப் பதினைந்து பேர், நான் கேட்ட மாதிரியே. விசுவாச அறிக்கை சொன்னேன், குரல் உடைந்தது. ஃபாதர் நெற்றியில் தைலத்தால் சிலுவை வரைந்தார். சாம்பல் வாங்கிய அதே இடம்.

பிறகு எல்லாரும் இயேசு கற்பித்த ஜெபத்தைச் சொன்னோம். தீமை என்ற இடத்தில் நிறுத்தினோம், நானும் சரியாக நிறுத்தினேன். ஃபாதர் அடுத்த செபத்தைத் தொடங்க வாயெடுத்தார்.

பின்னால், வாசல் பக்கத்திலிருந்து, ஒரு குரல் தனியாகப் போய்க்கொண்டிருந்தது. ராஜ்யமும் வல்லமையும் மகிமையும்.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் திரும்பவில்லை, திரும்பாமலே தெரியும். குரல் கொஞ்சம் தடுமாறியது, தான் மட்டுமே சொல்கிறோம் என்று தெரிந்துவிட்டது போல. ஆனாலும் நிறுத்தவில்லை. ஃபாதர் லெயோ கைகளை விரித்தபடியே காத்திருந்தார். அந்தக் குரல் ஆமென் என்று முடித்த பிறகுதான் தன் செபத்தைச் சொன்னார். அப்புறம் கோயில் முழுவதும் அந்தக் கடைசி அடியைத் தங்கள் வார்த்தையில் சொன்னது. பின்னாலிருந்த குரல் இரண்டாம் தடவையாக அதைத் தன் வார்த்தையில் சொன்னது. நான் அழுதுகொண்டிருந்தேன்.

வெளியே வந்தபோது ஸ்கூட்டி பக்கத்தில் நின்றார். காது சிவந்திருந்தது.

"ஏன் பாதில நிறுத்திட்டாங்க?"

"நிறுத்தல. கொஞ்சம் பிந்தி வரும்."

"எனக்கென்ன தெரியும்? அவசரப்பட்டுட்டேன். எல்லாரும் பாத்தாங்கல்லா."

"எனக்கும் மொத நாளு அப்படித்தான் ஆச்சு."

"மீன் வாங்கணுமா?"

"வேண்டாம்."

"நல்லது," என்றார்.

பின்னால் ஏறி உட்கார்ந்தேன். தைலம் நெற்றியில் பிசுபிசுத்தது. வெயில் நேராக முகத்தில் அடித்தது, மினுங்கியிருக்கும். பாலம் வந்ததும் வண்டியை மெதுவாக ஓட்டினார்.

"நிறுத்தணுமா எப்சி?"

"வேண்டாம். போங்க," என்றேன்.